உலக வரலாற்றைக் கையால் தொட்டுக் கற்பது: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலக வரலாறு நடத்துபவர்களும், வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நானே வகுப்பில் செய்து பார்த்ததில் சரிவந்தது, சரிவராதது இரண்டையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

செயல்பாடு என்றால் மாதிரி செய்ய வைப்பதுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் பாடம் எடுக்க வந்த முதல் வருடம், சர்க்கரைக் கட்டிகளை ஒட்டிப் பிரமிடு செய்யச் சொன்னேன். அழகழகாகச் செய்துகொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் பிரமிடைப் பற்றிக் கேட்டபோது, எந்தப் பசை சீக்கிரம் காயும் என்பதைத்தான் விளக்கமாகச் சொன்னார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. நான் கொடுத்த வேலையில் யோசிப்பதற்கு இருந்தது பசை மட்டும்தான்.

இப்போது அதே பாடத்துக்கு வேறொன்று செய்கிறோம். ஒரு பெரிய தட்டில் மணல். அதன் மேல் ஒரு சின்னப் பலகை, பலகை மேல் கனமான ஏதாவது ஒன்று. பலகையில் நூல் கட்டி, நூலின் நுனியில் சுருள்வில் தராசை மாட்டி இழுக்க வேண்டும். காய்ந்த மணலில் ஒரு முறை, லேசாகத் தண்ணீர் தெளித்த மணலில் ஒரு முறை, சொதசொதவென்று நனைத்த மணலில் ஒரு முறை. காய்ந்த மணலில் பலகைக்கு முன்னால் மணல் குவிந்து மேடாகிவிடும், பலகை அதில் போய் முட்டிக்கொள்ளும். அளவான ஈரத்தில் அந்த மேடு வருவதில்லை. தராசின் முள் இறங்குவதைப் பிள்ளைகளே பார்க்கிறார்கள். தண்ணீர் கூடிப்போனால் மறுபடியும் திணறல்.

மூன்று எண்களையும் நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் படத்தைக் காட்டுவேன். எகிப்தில் ஜெகுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறையில் சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய ஓவியம் அது. பிரம்மாண்டமான ஒரு சிலையைச் சறுக்குப் பலகையில் ஏற்றி, வரிசை வரிசையாக ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். சறுக்குப் பலகையின் முன்முனையில் ஒருவர் நின்று தரையில் எதையோ ஊற்றுகிறார். அவர் என்ன ஊற்றுகிறார் என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. அது வெறும் சடங்கு என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இதே சோதனையைச் செய்து, மணலில் ஈரம் சரியாக இருந்தால் இழுக்கத் தேவையான விசை பாதியாகக் குறைகிறது என்று காட்டினார்கள். அதை வாசிக்கும்போது தங்கள் நோட்டில் இருக்கும் எண்களைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த முகங்களுக்காகவே மணல் சுமந்து வரலாம்.

அப்படியானால் நல்ல செயல்பாடு என்று எதை வைத்து முடிவு செய்வது?

நான் என்னிடமே கேட்டுக்கொள்வது இதுதான்: கையால் செய்யும்போது பிள்ளைக்கு ஒரு சிக்கல் வருமா? அந்தக் காலத்து மனிதருக்கு வந்த அதே சிக்கலா அது? ஆம் என்றால் செய்யலாம். சிக்கல் எதுவும் வராமல் வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி முடிந்துவிடும் என்றால் அதை ஓவிய வகுப்புக்கு விட்டுவிடலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

களிமண். யோசிக்கவே வேண்டாம்.

மெசபடோமியாவில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் எழுதினார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். தொடக்கத்தில் படங்களாக இருந்த குறிகள் ஏன் போகப் போக ஆப்பு வடிவக் குறிகளாக மாறின என்பதைப் புத்தகம் ஒரு வரியில் தாண்டிப் போய்விடும். களிமண்ணோ விடாது.

உள்ளங்கை அளவுக்குக் களிமண்ணைத் தட்டிக்கொடுத்து, கூர் மழுங்கிய ஒரு குச்சியால் மாட்டுத் தலை ஒன்று வரையச் சொல்லுங்கள். குச்சியை இழுத்தவுடன் மண் கூடவே வரும். கோட்டின் இரண்டு பக்கமும் பிசிறு எழும்பும், வளைவு வந்தால் பிய்ந்துகொள்ளும். "வரவே மாட்டேங்குது சார்" என்று நாலு பக்கமும் குரல் வரும். அப்போது சதுர முனையுள்ள குச்சியைக் கொடுத்து, "இழுக்காதீர்கள், அழுத்தி எடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். சுத்தமான முக்கோணத் தடம் விழும். ஒரு நிமிடத்தில் இன்னும் பத்துத் தடம் விழும். அதற்குள் யாராவது ஒரு பிள்ளை மாட்டுத் தலையை நாலைந்து அழுத்தலில் போட்டுக் காட்டிவிடும். எழுத்து மாறிய கதை அந்த மேசையிலேயே நடந்துவிட்டது.

பலகைகளை எறிந்துவிட வேண்டாம். ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள், ஒன்றைக் காய விடுங்கள், முடிந்தால் ஒன்றைச் சூளையில் சுட்டு வாங்குங்கள். கி.மு. 612இல் மெசபடோமியாவின் நினிவே நகரம் தீக்கிரையானபோது அசுர்பனிபால் மன்னரின் நூலகமும் எரிந்தது. களிமண் பலகைகள் பல அந்தத் தீயிலேயே சுட்டு இறுகி, இன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. துண்டும் துணுக்குமாகச் சேர்த்து 30,000க்கும் மேல். எரிந்தால் நூலகம் அழியும் என்று நினைத்திருக்கும் பிள்ளைக்கு, சுட்ட பலகையைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்பது வேறு அனுபவம்.

கி.மு., கி.பி. என்றாலே பிள்ளைகள் விழிக்கிறார்கள். காலத்தை எப்படிப் புரியவைப்பது?

5 மீட்டர் கயிறு போதும். நூறு ஆண்டுக்கு 10 செ.மீ. என்று கணக்கு. ஒரு நுனி இன்று, மறு நுனி கி.மு. 3000. பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகளைத் துணிக் கிளிப்பால் அவர்களே மாட்ட வேண்டும்.

கீசாவின் பெரிய பிரமிடு சுமார் 4.6 மீட்டரில் வரும். எகிப்து அரசி கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30; அது 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1969இல் மனிதன் நிலவில் இறங்கியது நுனியிலிருந்து ஒரு சுண்டுவிரல் நீளம். கிளியோபாட்ராவும் பிரமிடும் ஒரே காலம் என்றுதான் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் நினைத்திருப்பார்கள். கயிற்றில் அளந்து பார்த்தால் அவர் பிரமிடைவிட நிலவுப் பயணத்துக்குத்தான் பக்கம். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அளக்கும் பிள்ளை "தப்பா மாட்டிட்டோமா?" என்று இரண்டாவது முறை அளக்கட்டும்.

கயிற்றை ஆண்டு முழுவதும் சுவரிலேயே விட்டுவையுங்கள். புதுப் பாடம் வரும்போதெல்லாம் ஒரு கிளிப் ஏறும்.

முதலில் பாடம் நடத்தி அப்புறம் செயல்பாடா, அல்லது நேர்மாறாகவா?

பெரும்பாலும் முதலில் கை, அப்புறம் புத்தகம். பதில் தெரிந்த பிறகு செய்தால் அது ஒப்பித்தல் ஆகிவிடும். ஒரே விதிவிலக்கு, ஒருவருடைய இடத்தில் நின்று பேசவோ வாதாடவோ வேண்டிய வேலைகள். அதற்கு முன்னால் படித்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள்.

வகுப்பில் 50, 60 பேர் இருக்கிறார்கள். சாத்தியமா?

சாத்தியம்தான். சில செயல்பாடுகளுக்குக் கூட்டம் இருந்தால்தான் உயிர் வரும். ஏதென்ஸ் நகரின் ஓட்டுச்சில்லு வாக்கெடுப்பு அப்படி ஒன்று.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில், செல்வாக்கு அளவுக்கு மீறிப் போகிறது என்று தோன்றிய ஒருவரை ஊரைவிட்டு 10 ஆண்டுகள் அனுப்பிவைக்க ஏதென்ஸ் குடிமக்கள் வாக்களிக்கலாம். உடைந்த பானைச் சில்லில் பெயரைக் கீறிப் போட வேண்டும். மொத்தம் 6,000 சில்லு சேர்ந்தால்தான் வாக்கெடுப்பு செல்லும். போகிறவருடைய சொத்து பறிபோகாது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் வாக்கு கிடையாது.

வகுப்பில் இதை நடத்தும் பலர் பிள்ளைகளுக்கு வெற்றுக் காகிதம் கொடுத்துப் பெயர் எழுதச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வகுப்பில் ஏற்கெனவே ஒதுக்கப்படும் பிள்ளையின் பெயர் அதில் வந்து விழும். வரலாறு கற்பிக்கப் போய் ஒரு பிள்ளையைக் காயப்படுத்திவிட்டு வருவோம்.

நான் செய்வது இது. அந்தக் காலத்து ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளீஸின் பெயரை நாற்பது காகிதச் சில்லுகளில் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். நானும் சக ஆசிரியர்கள் மூன்று பேரும் மட்டும் எழுதுவோம். குழுவுக்குப் பத்துச் சில்லு கொடுத்து, "கிணற்றிலிருந்து கிடைத்தவை இவை, என்ன தெரிகிறது சொல்லுங்கள்" என்பேன். நாற்பது பேருக்கு அவர் மேல் கோபம் என்பதுதான் முதல் பதிலாக வரும். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் ஒரு மூலையிலிருந்து, "இந்த ‘ளீ’க்கு மேல போட்டிருக்கிற சுழி எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கே." அவ்வளவுதான், குழுக்கள் சில்லுகளை வாங்கி மாற்றி, கையெழுத்து வாரியாகப் பிரிக்க ஆரம்பித்துவிடும். நாற்பது பேர் நான்கு பேராகச் சுருங்கிவிடுவார்கள்.

உண்மையிலேயே நடந்தது இது. அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளீஸ் பெயர் கீறிய 190 சில்லுகள் கிடைத்தன. அவற்றை எழுதியவை 14 கைகள் மட்டுமே. எழுதத் தெரியாதவர்களுக்கு உதவ எழுதி வைத்தார்களா, எதிரிகள் மொத்தமாகத் தயாரித்து விநியோகிக்கப் பார்த்தார்களா? மணி அடித்த பிறகும் இந்த விவாதம் முடியாது. முடிய வேண்டியதும் இல்லை.

பொருள் வாங்க வசதியே இல்லை. என்ன செய்யலாம்?

நூல் இருக்கிறதா? தென் அமெரிக்காவின் இன்காக்கள் பெரிய பேரரசின் கணக்கு வழக்கை கீப்பு எனப்படும் முடிச்சுக் கயிறுகளில் வைத்திருந்தார்கள். ஒரு தலைக்கயிறு, அதிலிருந்து தொங்கும் பல கயிறுகள். 243 என்று போட வேண்டுமென்றால் மேலே இரண்டு முடிச்சு, கொஞ்சம் இடைவெளி விட்டு நான்கு முடிச்சு, கீழே மூன்று சுற்றுச் சுற்றிய ஒரு நீள முடிச்சு. பூஜ்யத்துக்கு வெற்றிடம்.

முதலில் நீள முடிச்சைப் பற்றிச் சொல்லாமல், எல்லாவற்றையும் சாதாரண முடிச்சாகவே போடச் சொல்லுங்கள். வருகைப் பதிவையோ, வகுப்பில் இருக்கும் மேசைகளின் எண்ணிக்கையையோ முடிந்து பக்கத்துக் குழுவிடம் கொடுக்கட்டும். 24ஐப் பக்கத்துக் குழு 240 என்று படிக்கும், சண்டை வரும். எண் எங்கே முடிகிறது என்று எப்படிக் காட்டுவது என்று அவர்களையே யோசிக்க விடுங்கள். ஒன்றாம் இடத்துக்கு வேறு மாதிரி முடிச்சு போடலாம் என்று யாராவது சொன்னால், இன்காக்கள் கண்டுபிடித்ததையே அந்தப் பிள்ளையும் கண்டுபிடித்துவிட்டது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் இதை மற்றவர்களைவிட வேகமாக விரலால் படிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பீரியடுக்கு 40 நிமிடம்தான். பாடத்தையும் முடிக்க வேண்டுமே?

எல்லாப் பாடத்துக்கும் செயல்பாடு வேண்டாம். ஒரு அலகுக்கு ஒன்று போதும். பொருட்களைக் குழுவாரியாகப் பிரித்து முந்தைய நாளே வைத்துவிடுங்கள். கடைசி 10 நிமிடத்தைப் பேச்சுக்கு என்று ஒதுக்கி, வேலை முடியாவிட்டாலும் நிறுத்திவிடுங்கள். பேச நேரமில்லாமல் போனால் செய்ததெல்லாம் வீண். சுத்தம் செய்வதும் அவர்கள் வேலைதான்.

அடிமை வணிகம், போர், படுகொலை போன்றவற்றை நடித்துக் காட்ட வைக்கலாமா?

கூடாது. மேசைக்கு அடியில் பிள்ளைகளை நெருக்கிப் படுக்க வைத்து "அடிமைக் கப்பல் இப்படித்தான் இருந்தது" என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். நடப்பது என்ன? சில பிள்ளைகள் சிரிப்பார்கள், சிலர் பயந்துபோவார்கள். எல்லோரும் "அது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்" என்ற பொய்யான நம்பிக்கையோடு எழுந்திருப்பார்கள். ஐந்து நிமிடம் மேசைக்கடியில் படுத்தால் அது தெரியவே தெரியாது.

அதற்குப் பதில் சான்றைக் கையில் கொடுங்கள். அடிமை வணிகத்தை ஒழிக்கப் போராடியவர்கள் 1788இல் புரூக்ஸ் என்ற கப்பலின் உள்வரைபடத்தை அச்சிட்டுப் பரப்பினார்கள். மனிதர்களை எப்படி அடுக்கினார்கள் என்று காட்டும் படம். யார் அச்சிட்டது, யாருக்குக் காட்ட, அதில் என்ன இல்லை? முகம் இல்லை, பெயர் இல்லை என்பதைப் பிள்ளைகள் தாமே சொல்வார்கள். அப்புறம் இரண்டு எண்கள்: ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1.25 கோடி. உயிரோடு கரை இறங்கியவர்கள் ஏறத்தாழ 1.07 கோடி. கழித்தலை அவர்களே போடட்டும். அந்த நேரத்தில் வகுப்பில் சத்தம் இருக்காது. நீங்களும் பேச வேண்டாம்.

நடிக்க வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், துன்பப்பட்டவர் இடத்தில் நிறுத்தாமல் முடிவெடுக்க வேண்டியிருந்தவர் இடத்தில் நிறுத்துங்கள். 1791இல் வணிகத்தைத் தடை செய்யும் மசோதாவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தள்ளிவிட்டபோது, அடிமைகள் உழைப்பில் விளைந்த சர்க்கரையை வாங்குவதில்லை என்று அங்கே ஏராளமான குடும்பங்கள் முடிவெடுத்தன. அந்தக் குடும்பத்தில் நடந்திருக்கக்கூடிய பேச்சை எழுதச் சொல்லலாம். ஒருவர் வேண்டாம் என்கிறார், ஒருவர் "நாம் நிறுத்தினால் மட்டும் என்ன ஆகிவிடும்" என்கிறார். தடைச் சட்டம் வந்தது 1807இல்தான்.

விளையாட்டாக நடத்தினால் வரலாறு திரிந்துபோகாதா?

திரியும். எங்கே திரிகிறது என்று கடைசியில் சொல்லியே ஆக வேண்டும். ஆப்பிரிக்காவை ஐரோப்பிய நாடுகள் பிடித்துக்கொள்வது பற்றிப் பேசக் கூடிய 1884-85 பெர்லின் மாநாட்டுப் பாடத்தில், ஆறு, மேய்ச்சல் நிலம், மொழி பேசும் மக்கள் எல்லாம் குறித்த ஒரு கற்பனை நிலப்படத்தை ஒரு குழு தயாரிக்கும். அதைப் பார்க்காமலே இன்னொரு குழு வெற்றுத் தாளில் அளவுகோல் வைத்துக் கோடு போடும். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் வகுப்பே கொதிக்கும். மாநாட்டில் 14 நாடுகள் உட்கார்ந்திருந்தன, ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை என்பது அப்போது சரியாகப் பதியும்.

ஆனால் அந்த மேசையிலேயே ஆப்பிரிக்கா முழுவதையும் கோடு போட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். மாநாடு வகுத்தது பெரும்பாலும் விதிகளைத்தான். எல்லைகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு தனித்தனி ஒப்பந்தங்களில் வந்தவை. இதைச் சொல்லாமல் விட்டால் அது நம் தப்பு.

போட்டி வைக்கலாமா?

வைக்கலாம், போட்டியே பாடமாக இருந்தால். தொழிற்சாலைப் பாடத்துக்கு இரண்டு அணி. ஒரு அணியில் ஒவ்வொருவரும் முழுக் காகிதக் காரைத் தாமே செய்ய வேண்டும். இன்னொரு அணியில் ஒருவர் சக்கரம் மட்டும், ஒருவர் ஜன்னல் மட்டும், வரிசையாகக் கைமாறிப் போகும். பத்து நிமிடத்தில் இரண்டாவது அணி முந்திவிடும். ஃபோர்டு நிறுவனத்தில் 1913இல், தொழிலாளர் நின்ற இடத்துக்கே கார் நகர்ந்து வரும் வரிசை வந்த பிறகு, ஒரு காரின் அடிச்சட்டத்தைக் கோக்க ஆன பன்னிரண்டரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது.

பரிசு கொடுத்து முடித்துவிடாதீர்கள். சக்கரம் மட்டுமே வரைந்த பிள்ளையிடம், நாளைக்கும் இதே வேலை தருவேன், சரியா என்று கேளுங்கள். ஃபோர்டு தொழிலாளர்களும் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டுப் போனார்கள். 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவித்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வேஷம் கட்டும் ‘உலக நாகரிக நாள்’ நடத்தலாமா?

நான் நடத்துவதில்லை. இறகுத் தொப்பி வைத்தால் அமெரிக்கப் பழங்குடி, முகமூடி போட்டால் ஆப்பிரிக்கா என்று முடிந்துவிடுகிறது. மாயா மக்களும் இன்காக்களின் கெச்சுவா மொழி பேசுவோரும் இன்றும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

செய்த பொருளுக்குப் போடாதீர்கள். கை நேர்த்தி உள்ள பிள்ளைக்கும், வீட்டில் உதவ ஆள் இருக்கும் பிள்ளைக்கும்தான் அது போய்ச் சேரும். அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்: எங்கே தடுமாறினாய், அதிலிருந்து அந்தக் காலத்து மக்களைப் பற்றி என்ன ஊகிக்கிறாய், எதை இந்த வேலையால் தெரிந்துகொள்ளவே முடியாது. மூன்றாவதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் வைத்திருக்கிறேன். "மணலில் இழுப்பது தெரிந்தது, இழுத்தவர்களுக்குச் சாப்பாடு கிடைத்ததா என்று தெரியவில்லை" என்று ஒரு பிள்ளை எழுதியது. முழு மதிப்பெண் போட்டேன்.

செய்தது சொதப்பிவிட்டால்?

ஆப்பிள் மம்மி செய்து பார்த்தோம். எகிப்தியர் உடலைப் பதப்படுத்தப் பயன்படுத்திய நேட்ரான் என்ற இயற்கை உப்புக் கலவைக்குப் பதிலாக, சம அளவு சமையல் உப்பும் சமையல் சோடாவும் கலந்து, வெட்டிய ஆப்பிள் துண்டை ஒரு கோப்பையில் புதைத்தோம். இன்னொரு துண்டை உப்பில்லாமல் வெறுமனே வைத்தோம். தினமும் எடை பார்த்து எழுத வேண்டும். அது மழைக்காலம். ஐந்தாம் நாள் உப்பே நீர்த்துக் கூழாகிவிட்டது, ஆப்பிளில் பூஞ்சை வந்துவிட்டது. என் கணக்கில் செயல்பாடு தோல்வி.

கோப்பையை எடுத்துக் கொட்டப் போனபோது ஒரு பிள்ளை நிறுத்தியது. பதப்படுத்தும் சடங்கு மொத்தம் 70 நாள், அதில் சுமார் 40 நாள் உலர்த்துவதற்கே என்று முந்தைய நாள் படித்திருந்தோம். "40 நாளும் ஒரே உப்பா சார், நடுவுல மாத்தியிருப்பாங்களா?" அடுத்த வாரம் அவர்களே மூன்று கோப்பை வைத்தார்கள். ஒன்றில் உப்பை மாற்றவே இல்லை, ஒன்றில் மூன்று நாளைக்கு ஒரு முறை, ஒன்றில் தினமும். ஜன்னலோரத்தில் பெயர் எழுதி ஒட்டி வைத்து, காலையில் வந்ததும் முதல் வேலையாக எடை போட்டார்கள்.